ஏட்டையா வயிற்றில் ஒரு கைதி

ஒரு நுரையீரலில் ஓர் ஏட்டு வேலை பார்த்துவந்தார். வலது நுரையீரல், மேல்மாடி, மூன்றாவது சந்து. பெயர் விழுங்கி. காற்றோடு உள்ளே வருகிற எதையும் பிடித்து விழுங்குவதுதான் அவருக்கு வேலை என்பதால், பெயர் வைக்க யாரும் தனியாக மெனக்கெடவில்லை. தூசி வந்தால் விழுங்குவார். புகை வந்தால் விழுங்குவார். கிருமி வந்தால் கேட்கவே வேண்டாம். அதே சந்தில் அவரைப்போல இன்னும் பல ஏட்டுகள் இருந்தார்கள். ஆனாலும் ஏட்டையா என்றால் அவர் ஒருவர்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல உழைப்பாளி.

அந்த நுரையீரலுக்குச் சொந்தக்காரி அமலோற்பவம். தூத்துக்குடியில் இறால் உரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை செய்தாள். வயது முப்பத்தாறு. வீட்டுக்காரர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருந்தார். வீட்டில் அவளும் பிளஸ் டூ படிக்கிற மகளும். காலையில் வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்சும் மாட்டிக்கொண்டு எவர்சில்வர் மேஜை முன்னால் நின்றால், சாயங்காலம்வரை இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். விரல் ஐஸ் தண்ணீரில் மரத்துப்போகும். வாய் மட்டும் மரத்துப்போகாது, பக்கத்து மேஜைக்காரியோடு பேசிக்கொண்டே இருக்கும். அவள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் காற்று நுரையீரலிலிருந்துதான் போக வேண்டும் என்பதால், ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் ஏட்டையாவுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் எங்கேயோ யாரோ இருமினார்கள். அந்த இருமலில் ஏறி ஒரு மெழுகன் மூன்றாவது சந்துக்கு வந்து சேர்ந்தான். காசநோய்க் கிருமிக்கு அந்தச் சந்தில் அதுதான் பெயர். உடம்பு முழுக்க மெழுகு பூசிய சட்டை, சட்டைக்கு மேலே லேசாகச் சர்க்கரை. ஏட்டையாவுக்குச் சர்க்கரை என்றால் போதும், வேறெதுவும் விசாரிக்க மாட்டார். கண்டதும் லபக்கென்று விழுங்கிவிட்டார்.

விழுங்கினால் மட்டும் போதாது. விழுங்கியவனை வயிற்றுக்குள் ஓர் அறையில் அடைத்து, பக்கத்தில் அடுக்கியிருக்கும் அமிலக் குடங்களை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும். அப்போதுதான் கரைவான். எல்லா ஏட்டுகளுக்கும் இதுதான் சட்டம். ஏட்டையாவும் சட்டப்படி முதல் குடத்தைத் தூக்கினார். அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு பணிவான குரல் வந்தது.

"சிரமப்படாதீங்கய்யா. நான் செத்துட்டேன்."

ஏட்டையா யோசித்தார். செத்தவனே தன் வாயால் சொல்கிறான், அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சந்துக்குள் ஒரு சுற்று வந்தார். மெழுகனைப் பிடித்தாயிற்று, கதையை முடித்தாயிற்று என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ரத்தக்குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த வெள்ளையணுக்கள்கூட நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போயின.

மூன்றாம் நாள் அறைக்குள்ளிருந்து மறுபடி குரல் வந்தது. கொஞ்சம் கொழுப்பு இருந்தால் கொடுக்க முடியுமா என்று கேட்டது.

ஏட்டையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்துவிட்டதாகச் சொன்னாயே என்று கேட்டார். ஆமாம் ஐயா, ஆனால் இப்போது பசிக்கிறது என்றான் மெழுகன்.

அப்போதே குடத்தைக் கவிழ்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் குடத்தைக் கவிழ்த்தால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு ஏட்டு எட்டிப் பார்ப்பார். முடித்துவிட்டேன் என்றீரே, இப்போது எதற்கு அமிலம் என்று கேட்பார். சந்து முழுக்க மானம் போகும். ஏட்டையா இதையெல்லாம் நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டு, கமுக்கமாகக் கொஞ்சம் கொழுப்பை எடுத்து அறைக்குள் தள்ளினார். அன்றைக்கு ஆரம்பித்த சாப்பாடு அதன்பிறகு ஒருநாளும் நிற்கவில்லை.

மெழுகன் அவசரக்காரன் இல்லை. ஒருவன் இருவராக ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வான். இருந்தாலும் மாதங்கள் இருக்கின்றனவே. அறை நிறைந்தது. நிறைந்தவர்களில் சிலர் வெளியே இறங்கிச் சந்திலேயே குடியேறினார்கள். அமலோற்பவம் இருமத் தொடங்கினாள்.

அரசாங்கக் காசநோய் வேலையில் இருக்கிற டெல்ஃபின் என்ற பெண், சளியைச் சோதித்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தாள். ஆறு மாதம், ஒருநாள்கூட விடக்கூடாது, வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று சொன்னாள். மகளுக்கும் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அமலோற்பவம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள். எந்தக் காரணத்துக்காகவும் டெல்ஃபின் கம்பெனிப் பக்கம் வரக்கூடாது. வாயில் வைக்கிற பொருளைத் தொடுகிற வேலை, இந்த நோய் என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள், கூட வேலை பார்க்கிறவளுகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளுகள் என்றாள். டெல்ஃபின் சரி என்றாள். மீன் மார்க்கெட்டின் பின்வாசலில் வைத்து மாத்திரையைக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

அந்த மாத்திரைகளில் ஒன்றிலிருந்து சிவப்பன் புறப்பட்டான். நல்ல செக்கச்செவேலென்ற மருந்து. ஆனால் அவன் மேல்மாடிக்கு வந்த பாட்டைக் கேட்டால் கல்லும் கரையும். வயிற்றில் இறங்கி, குடலில் ஊர்ந்து, கல்லீரல் அம்மா வீட்டு வாசலுக்கு வந்தால், அந்த அம்மா அவனில் பாதியை அங்கேயே பிரித்துப் போட்டுவிடுவாள். நீ போக வேண்டியது மேல்மாடிக்கு, தினமும் வந்து இடிக்கிறது என் வீட்டையா என்று அவளுக்குக் கோபம். அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. தப்பித்த மீதிப் பேர் உடம்பெல்லாம் அலைவார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம், காதுமடலுக்குக் கொஞ்சம் என்று சிதறுவார்கள். நிறையப் பேர் மூத்திரப்பையில் விழுந்து அதை ஆரஞ்சு நிறமாக்கிவிட்டு வெளியேறுவார்கள். மூன்றாவது சந்துக்கு வந்து சேர்கிறவர்கள் ஒரு கைப்பிடி.

அந்த ஒரு கைப்பிடியும் சும்மா இருக்கவில்லை. சந்தில் வெளிப்படையாகக் குடியிருந்த மெழுகர்களை இரண்டு மாதத்தில் ஒழித்துக்கட்டினார்கள். இருமல் நின்றது. பிறகு சிவப்பன் ஏட்டையாவின் வாசலில் வந்து நின்று, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். ஏட்டையா காதிலேயே வாங்கவில்லை. தூசி அளவாவது இல்லாதவனிடம் அவர் பேசுவதும் கிடையாது, அவனை விழுங்குவதும் கிடையாது. சிவப்பன் சுவர் வழியாகக் கசிந்து உள்ளே போகப் பார்த்தான். நாலைந்து பேர் போனார்கள். உள்ளே ஒரு படையே படுத்திருந்தது. நாலைந்து பேரால் என்ன செய்ய முடியும்? தினமும் வந்தால் தினமும் நாலைந்து பேர், ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். அவன் கணக்கில் பிழை இல்லை.

பிழை கம்பெனிக் கழிவறையில் நடந்தது. அமலோற்பவத்துக்குப் பக்கத்து மேஜை ரெபேக்காள். அவளைவிடப் பத்து வயது மூத்தவள். தண்ணீர் வராத ஒருநாள் கழிவறையில் கிடந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, அமலோற்பவத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏ அமலா, ஒனக்குக் காமாலைல்லா வந்திருக்கு" என்றாள்.

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். காற்று தொண்டைவரை வந்தது. ஏட்டையா கவனித்துக்கொண்டுதான் இருந்தார். வர வேண்டிய சொல் வரவில்லை. ஆமாக்கா, எனக்கும் அப்படித்தான் தோணுது என்கிற வேறொரு வாக்கியம் அதே காற்றில் ஏறிப் போயிற்று. ஏட்டையாவுக்கு அது தப்பாகப் படவில்லை. தன்னைப் போலவே அவளுக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ரெபேக்காள் நல்ல மனசுக்காரி. அவளுக்கும் ஒருதடவை இதுபோல வந்து, ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்கிற ஒரு வைத்தியரிடம்தான் குணமானதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். வைத்தியர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கண் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இன்னும் கண்ணுக்கு ஏறவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். மோரில் அரைத்த கீழாநெல்லி ஏழு நாளைக்கு. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை. முக்கியமாக, இங்கிலீஷ் மாத்திரை ஒன்றுகூட நாக்கில் படக்கூடாது. தெரிந்ததை மறைக்காமல் செய்கிற மனிதர். மறைத்ததெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தவள்தான்.

பக்கத்திலேயே ரெபேக்காள் தினமும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததால் பத்தியத்தில் ஏமாற்ற முடியவில்லை. மாத்திரையையும் நிறுத்தினாள். மூன்றாம் நாள் மூத்திரத்தின் நிறம் தெளிந்தது. ஏழாம் நாள் காமாலை முழுக்கக் குணமாகிவிட்டது. இல்லாத நோய் குணமாவதற்கு அவ்வளவு நாள்தான் ஆகும்.

ஏழு நாள் முடிந்தது. மறுபடி மாத்திரையைத் தொட்டால் மறுபடி நிறம் மாறும், மறுபடி ரெபேக்காள் பார்ப்பாள். அமலோற்பவம் தொடவில்லை. உடம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். டெல்ஃபின் கேட்டபோது ஒழுங்காகப் போடுகிறேன் என்றாள். அந்தப் பொய்க்கும் காற்று மேல்மாடியிலிருந்துதான் போயிற்று.

சிவப்பன் வருவது நின்றதும் அறைக்குள் படுத்திருந்த மெழுகர்கள் ஒவ்வொருவராக எழுந்து சோம்பல் முறித்தார்கள். மூன்றாவது சந்தின் கோடி வீட்டு ஏட்டு ஒருவர், உள்ளே இடம் போதாமல், ஒருநாள் வெடித்தே போனார். ஏட்டையா துக்கம் விசாரிக்கப் போனார். என்ன நடந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்து நம்மைக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் பயம். ஏட்டையா வீட்டுக்குத் திரும்பி வந்து வழக்கம்போலக் கொழுப்பை எடுத்து உள்ளே தள்ளினார்.

அமலோற்பவத்தின் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. அவளாகவே டெல்ஃபினைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டெல்ஃபின் திட்டவில்லை. ஒரு நிமிடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்தார்கள். கிருமி இன்னும் மருந்துக்கு அடங்குகிறதுதான் என்று தெரிந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா ஒரு புது முறையைப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். சம்மதம் இருந்தால் சேரலாம் என்றார். மருந்து பழையதுதான், சட்டை மட்டும் புதிது என்று விளக்கினார். மருந்தைக் கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன உறைக்குள் வைத்து, வாரம் ஒருதடவை மூக்குமூடி வழியாகப் புகைபோல இழுக்க வேண்டும். நேரே நுரையீரலுக்குப் போகும். அளவு கொஞ்சம் என்பதால் கல்லீரலுக்குத் தொந்தரவும் கொஞ்சம், நிறமும் மாறாது. அந்த உறையை இறால் ஓட்டிலிருந்து செய்கிறார்கள் என்றும் சொன்னார். அமலோற்பவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தக் கம்பெனி ஓடு டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை.

அந்தச் சட்டை காரத்தில் வெந்து, ஆலையில் அரைபட்டு, தலைமுடித் தடிப்புக்குள் ஐந்நூறு பேர் வரிசையாக நிற்கலாம் என்கிற அளவுக்குச் சிறுத்து, சிவப்பனைச் சுற்றி இறுக்கமாக மூடியிருந்தது. மேலே கொஞ்சம் சர்க்கரை தடவியிருந்தார்கள். மெழுகன் எந்த வழியில் உள்ளே போனானோ அதே வழியில் போவதுதான் திட்டம். மூக்குமூடிக்குள் காத்திருந்தபோது சட்டை சிவப்பனிடம் பேச்சுக் கொடுத்தது.

"இந்தப் பொம்பளய எனக்குத் தெரியும். இவ கையிலதான் நான் உரிஞ்சேன். தலையக் கிள்ளுறதுல ரொம்ப வேகம்."

அப்படியானால் இவள்மேல் உனக்குக் கோபம் இருக்குமே என்றான் சிவப்பன். கோபம் என்ன கோபம், அவளும் வயிற்றுப்பாட்டுக்குத்தானே கிள்ளினாள் என்றது சட்டை. பிறகு, ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தது. தனக்குப் புளிப்பு பட்டால்தான் அவிழத் தெரியும். அமிலம் மேலே விழ வேண்டும். விழாவிட்டால், உள்ளே இருப்பது யாராக இருந்தாலும், வெளியே யார் செத்துக்கொண்டிருந்தாலும், அவிழ முடியாது. அது தன் பிறவிக்குணம்.

அது ஒன்றும் பிரச்சினை இல்லை, ஏட்டு விழுங்கியதும் அமிலத்தைக் கவிழ்ப்பார், அதுதானே சட்டம் என்றான் சிவப்பன். சட்டத்தை நம்புகிற மருந்து.

அமலோற்பவம் மூச்சை இழுத்தாள். புகை மேல்மாடி ஏறியது. ஏட்டையா சர்க்கரையை மோப்பம் பிடித்தார், பார்த்தார், அளவு சரியாக இருந்தது. லபக். கொண்டுபோய் அதே அறையில் அடைத்தார்.

உள்ளே இருந்த மெழுகர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். மூத்த மெழுகன் வாங்க வாங்க என்று வரவேற்று, சட்டையைக் கழற்றிவிட்டு வசதியாக உட்காரலாமே என்றான். அமிலம் எப்போது வரும் என்று சிவப்பன் சட்டைக்குள்ளிருந்து கேட்டான்.

"இந்த வீட்டுல அந்த வழக்கம் கெடையாதுங்க" என்றான் மூத்த மெழுகன்.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சட்டைக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். முகூர்த்தம் எத்தனை மணிக்கென்று தெரியாத கல்யாணவீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல எல்லோரும் இறுக்கமாக மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மெழுகர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவத்தின் எடை இன்னும் இரண்டு கிலோ குறைந்தது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

கடைசியில் சிவப்பன் ஏட்டையாவிடமே பேசிப் பார்த்தான். இப்போது அவன் தூசி அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் ஏட்டையா காது கொடுத்தார்.

"ஏட்டையா, ஒரே ஒரு குடம் கவுத்துனாப் போதும்."

"எதுக்கு? உள்ள யாரும் உயிரோட இல்ல."

"நான் அவங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

"இருக்கலாம். ஆனா நான் வெளிய செத்துட்டான்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்லா?"

சிவப்பன் விடவில்லை. நிதானமாகச் சொன்னான்.

"இன்னும் ரெண்டு மாசம் போனா நீங்க சொன்னது உண்மையாயிரும் ஏட்டையா. சாகுற ஆள் மட்டும் மாறும்."

ஏட்டையாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் அது சொல்வழக்கில் கரைக்கிற புளிதான், அதற்கெல்லாம் சட்டை அவிழாது. அவர் எழுந்து குடங்கள் பக்கம் போனார். ஒன்றின் கழுத்தைத் தொட்டார். பக்கத்து வீட்டு ஏட்டு அந்த நேரம் பார்த்துச் செருமினார். ஏட்டையா குடத்தைத் துடைக்க வந்தவர்போல ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இது இப்படி இருக்க, கம்பெனியில் ரெபேக்காளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அமலோற்பவம் இருமுகிறாள், மெலிகிறாள், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைக்கிறாள். காமாலை திரும்பிவிட்டது, சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து தன் திட்டத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வைத்தியரிடம் போகிறோம். இரண்டாம் தடவை என்றால் கீழாநெல்லி மட்டும் போதாது, மணிக்கட்டில் சூடு வைப்பார், பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தியம் நாற்பது நாள். ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. சூப்பர்வைசரிடம் இரண்டு பேருக்கும் சேர்த்து லீவு சொல்லியாயிற்று. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு உனக்கு, எனக்கு வாந்தி வராது என்றுவரை சொல்லிவிட்டாள்.

அமலோற்பவம் நாற்பது நாளை எண்ணிப் பார்த்தாள். ஆறு வாரம். ஆறு தடவை மூக்குமூடி இல்லை. அவளுக்கு மகளுடைய முகம் ஞாபகம் வந்தது. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போது கூட வருவாயா அம்மா என்று அன்று காலையில்தான் கேட்டிருந்தாள்.

மூன்றாவது சந்தில் காற்று திரண்டது. ஏட்டையா உட்கார்ந்தபடியே பார்த்தார். இந்த வழியாக எட்டு மாதமாக எத்தனையோ பொய் போயிருக்கிறது, இதுவும் ஒன்று என்று நினைத்தார். காற்று தொண்டைக்கு ஏறியது. நடுவில் ஓர் இருமல் வந்து வழியை மறித்தது. இருமல் தீர்ந்தது. காற்று மறுபடி திரண்டு ஏறியது.

"அக்கா, எனக்குக் காமாலை இல்ல. டி.பி. அன்னைக்கும் காமாலை இல்லக்கா. டி.பி.தான்."

அது மெதுவாகச் சொன்ன வாக்கியம்தான். ஆனால் மேல்மாடியில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேட்டது.

ஏட்டையா இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. வெளியே போன காற்று போனது, அடுத்த காற்று வழக்கம்போல உள்ளே வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரியே கையில் சோற்றை வைத்துக்கொண்டு பத்துப்பேர் நடுவில் சொல்லிவிட்டாள். நான் வெறும் ஏட்டு, எனக்கென்ன இவ்வளவு வீம்பு என்று அவருக்குத் தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது, ஒரு பெரிய பாரம் இறங்கப்போகிறது என்று ஆசையாகவும் இருந்தது. எழுந்து பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினார்.

"என் வயித்துல ஒருத்தன் உயிரோட இருக்கான்."



"ஒருத்தன்தானா?" என்று பக்கத்து வீட்டு ஏட்டு கேட்டார். "எனக்குப் பதினெட்டு."

அதற்கப்புறம் சந்தில் குடங்கள் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒரு வீட்டில், அடுத்த வீட்டில், எதிர் வீட்டில்.

ஏட்டையா முதல் குடத்தைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து மூத்த மெழுகன், ஐயா வேண்டாம், நான் செத்துட்டேன் என்று கத்தினான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஏட்டையா இரண்டாவது குடத்தையும் எடுத்தார். சட்டை ஒரு பெருமூச்சு விட்டுப் பொத்தான் பொத்தானாக அவிழ ஆரம்பித்தது. மொத்தமாக அவிழவில்லை, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். சிவப்பன் அந்த அறையிலேயே தங்கி வேலை பார்த்தான். வாசலில் நின்று கெஞ்சுகிற வேலை இல்லை, உடம்பெல்லாம் அலைகிற வேலை இல்லை. வாரம் ஒருதடவை வந்த சட்டைக்காரர்களை ஏட்டையா விழுங்கினார், கையோடு குடத்தையும் கவிழ்த்தார். ஒரே நாளில் எதுவும் முடிந்துவிடவில்லை. முழுசாக ஆறு மாதம் ஆயிற்று. ஆறாம் மாதக் கடைசியில் ஏட்டையா அறையைத் திறந்து, ஒவ்வொருவனாகத் தொட்டுப் பார்த்து, செத்துவிட்டான் என்று தானே சொன்னார். அமலோற்பவத்தின் சளியில் அதன்பிறகு கிருமி இல்லை.

அது உள்ளே நடந்தது. வெளியே, அந்த வெள்ளிக்கிழமை, அவள் சொல்லி முடித்ததும் சாப்பாட்டு அறையில் யாரோ ஒருத்தி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள். விஷயம் அரைமணி நேரத்தில் சூப்பர்வைசரிடம் போய்விட்டது. அவர் அமலோற்பவத்தைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போ, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபிறகு வா என்றார். வந்தால் வேலை இருக்குமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது ரெபேக்காள் பூட்சோடு ஓடிவந்தாள். கையில் உறை மாட்டியபடியே அவள் தோளைப் பிடித்தாள். திட்டப்போகிறாள், இத்தனை நாள் பக்கத்தில் நின்று மறைத்தாயே என்று கேட்கப்போகிறாள் என்று அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். ரெபேக்காள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"செகப்பு மாத்திரையா? காலையில வெறும் வயித்துல போடச் சொல்லுவாவளே, அதா?"

அமலோற்பவம் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தாள்.

"நான் மூணு மாசத்துல விட்டுட்டேன் அமலா" என்றாள் ரெபேக்காள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டெல்ஃபின் மீன் மார்க்கெட்டின் பின்வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். அமலோற்பவம் ஒருத்தியை மூக்குமூடிக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தாள். அங்கே எட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் அமலோற்பவம், பின்னால் ரெபேக்காள், அவளுக்குப் பின்னால் கம்பெனியில் இறால் உரிக்கிறவர்கள் ஆறு பேர், எல்லோரும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு. டெல்ஃபின் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நோட்டை எடுத்து, வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள். இதற்கு முன்னால் ஏதாவது நோய் வந்திருக்கிறதா?

அமலோற்பவம் தவிர மற்ற ஏழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். காமாலை வந்ததாம், ஒரே வாரத்தில் குணமாகிவிட்டதாம்.